எச்சம்

ஐதராபாத்தின் பழைய நகரிலுள்ள சௌமகல்லா அரண்மனையில், 1912ஆம் ஆண்டைச் சேர்ந்த நிசாமின் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் மகிழுந்து கூரையின்கீழ்ப் பாதுகாக்கப்படுகிறது. நம் வீட்டு மகிழுந்துக்கு அத்தகைய காவல் இல்லை. வெயிலுக்கு அஞ்சி அதை வேப்பமர நிழலில் நிறுத்துகிறோம். அம்மரத்தில் காகமும் மைனாவும் தங்குகின்றன. அடுக்ககத்தின் விளிம்புகளில் புறாக்கள் அமர்கின்றன. ஆதலால், காலையில் வண்டியின்மேல் வெண்ணிறத் திட்டுகளைக் காண்கிறோம். அவையே பறவைகளின் எச்சங்கள்.

எச்சம் ஏன் வெண்மையாக உள்ளது?

நாம் உடற்கழிவின் ஒரு பகுதியை நீரில் கரைத்துச் சிறுநீராக வெளியேற்றுகிறோம். பறவைகளோ நீரைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன. அவை அக்கழிவை யூரிக் அமிலமாக மாற்றி, பசை போன்ற வடிவில் வெளியேற்றுகின்றன. எச்சத்தின் வெண்மைப் பகுதி இதுவே. கருமையான பகுதி, செரிமானம் ஆன உணவின் மிச்சம்.

வண்ணம் கெடுவது எவ்வாறு?

மகிழுந்தின் நிறத்துக்கு மேலே, கண்ணாடி போன்ற ஒரு மேற்பூச்சு உண்டு. அதன் தடிமன் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர், அதாவது, ஒரு தலைமயிரின் அளவே. கோடை வெயிலில் தகடு சூடேறும்போது மேற்பூச்சு இளகி விரிகிறது. எச்சமோ காய்ந்து இறுகுகிறது. மாலையில் தகடு குளிரும்போது, மேற்பூச்சு அந்த இறுகிய எச்சத்தைச் சுற்றிச் சுருங்கி, அதன் வடிவத்தையே ஏற்றுக்கொள்கிறது. எச்சத்திலுள்ள அமிலமும் பூச்சை அரிக்கிறது. அதனால் பளபளப்பு மங்கித் தழும்பு உண்டாகிறது.

வாடகை மகிழுந்து ஓட்டிப் பிழைப்பவருக்கு வண்டியே முதல். அதை விற்கும் நாளில் ஒவ்வொரு தழும்பும் விலையைக் குறைக்கும்.

தூய்மை செய்யும் முறை

1. காய்ந்த எச்சத்தைச் சுரண்டாதீர்கள். அதிலுள்ள மணலும் விதையும் பூச்சைக் கீறும். பறக்கும் தூசி நுரையீரலுக்கும் கேடு.
2. கையுறை அணிந்து, நனைத்த மென்துணியை அதன்மேல் பத்து நிமிடம் இட்டு வையுங்கள்.
3. ஊறிய எச்சத்தைத் தேய்க்காமல், துணியால் ஒற்றி எடுங்கள்.
4. வண்டிக்குரிய ஷாம்பு கலந்த நீரால் கழுவித் துடையுங்கள். பாத்திரம் துலக்கும் நாரைப் பயன்படுத்தாதீர்கள்.
5. பின்னர் மெழுகு பூசுங்கள். அது மேற்பூச்சுக்குக் கவசமாகும்.

தழும்பு நிலைத்துவிட்டால்?

தழும்பின்மேல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்படாவிட்டால், பெரியவர்கள் மெருகுப்பசையை மென்துணியில் தொட்டு மெதுவாகத் தேய்த்து அதைப் போக்கலாம். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் மேற்பூச்சு சிறிது தேய்வதால், இதை அடிக்கடி செய்தல் கூடாது. பள்ளம் தட்டுப்பட்டால் பணிமனைக்குச் செல்லுதலே நன்று. அடியிலுள்ள நிறமும் கெட்டிருந்தால், அப்பகுதிக்குப் புதிதாக வண்ணம் பூச நேரிடும்.

பறவை நமக்குப் பகையா?

வேப்பம்பழத்தைத் தின்ற பறவை, அதன் விதையைத் தொலைவில் இடுகிறது. விதைப்பார் இல்லாத இடத்திலும் வேம்பு முளைப்பது இதனால்தான். நம் வண்டிக்கு நிழல் தரும் மரமும் ஒரு பறவை விதைத்ததாக இருக்கலாம். எச்சம் விழுவதைத் தடுத்தல் அரிது. விழுந்த அன்றே கழுவுதல் எளிது. இன்று ஒரு குவளை நீரால் தீர்வது, ஒரு வாரம் கழிந்தால் பணிமனைச் செலவாகிவிடும்.

சொற்பொருள்

எச்சம் – எஞ்சியது, பறவையின் கழிவு
தழும்பு – வடு
முதல் – மூலதனம்
மெருகு – பளபளப்பு

மொழி அறிவோம்

முற்றுப்பெறாமல் எஞ்சி நிற்கும் வினைச்சொல்லையும் தமிழ் இலக்கணம் ‘எச்சம்’ என்றே வழங்குகிறது. பெயரைக் கொண்டு முடிவது பெயரெச்சம் (காய்ந்த எச்சம்). வினையைக் கொண்டு முடிவது வினையெச்சம் (கழுவித் துடைத்தான்).

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. எச்சத்தின் வெண்மைப் பகுதி எது?
2. காய்ந்த எச்சத்தை ஏன் சுரண்டக் கூடாது?

ஆ. பெயரெச்சமா, வினையெச்சமா எனக் கூறுக.
1. ஊறிய துணி
2. ஒற்றி எடுத்தாள்
3. விழுந்த விதை

இ. காகம், புறா, வேம்பு ஆகியவற்றின் தெலுங்குப் பெயர்களை நண்பரிடம் கேட்டு எழுதுக. தமிழ்ச் சொற்களோடு ஒப்பிடுக.

ஈ. ‘நம் தெருவின் பறவைகள்’ என்னும் தலைப்பில் ஐந்து தொடர்கள் எழுதுக.