பீடபூமிவாசியின் சுவாசக் கருவி

கடற்கரையே கண்ணில் படாத ஹைதராபாத்தில் வசித்துக்கொண்டு, விடுமுறை வாய்க்கும்போதெல்லாம் விசாகப்பட்டினத்துக்கோ அந்தமானுக்கோ பிரயாணப்பட்டு ஸ்கூபா முழுக்கில் ஈடுபடும் என் போன்றவர்கள் முக்கியமாகக் கருத வேண்டிய விஷயம், நம்முடைய ரெகுலேட்டர் வருஷத்தின் பெரும்பகுதி அலமாரியிலேயே கிடக்கிறது என்பதுதான்.

சிலிண்டருக்குள் சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 10 பார் மட்டுமே மிகுதியாக இருக்கும்படி ரெகுலேட்டரின் முதற்கட்டம் தணித்துக் கொடுக்க, வாயில் கவ்வும் இரண்டாங்கட்டம் அதை நீரின் அழுத்தத்துக்கே கொண்டுவந்து, நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும் வழங்குகிறது. 1943-ல் பிரான்ஸில் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய கருவியின் தத்துவமும் இதுவே.

அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றே ஆகையால், விலை மிகுந்ததே நம்பத்தக்கது என்ற அபிப்பிராயம் எனக்கு உடன்பாடானதன்று. சிலிண்டரில் காற்றுக் குறைந்தபோதிலும் மூச்சிழுப்பது கடினமாகாத பேலன்ஸ்டு வகையாக இருத்தல் அவசியம். ஆனால் 10 டிகிரிக்கும் குறைந்த குளிர்நீரில் உறைந்துவிடாதிருக்கச் செய்யப்படும் விசேஷ ஏற்பாடுகளுக்காக, வெதுவெதுப்பான நம் கடல்களில் மூழ்குபவர் அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தை வருஷாந்தர சர்வீசுக்கு ஒதுக்கலாம். வாங்குமுன் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, இதற்குரிய உதிரி பாகங்கள் இந்தியாவில் கிடைக்குமா, இதைப் பிரித்துப் பூட்டப் பயின்றவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதே.

பரிசோதனையைப் படகில் அல்ல, புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே, பயிற்சி நடக்கும் நீச்சல் குளத்தில் செய்துவிடுவது என் வழக்கம். முதற்கட்டத்தின் வாயிலிலுள்ள சிறு உலோக வடிகட்டியை வெளிச்சத்தில் பார்க்கிறேன்: நண்பர் ஒருவருடைய கருவியில் அது பச்சை பூத்திருந்தது, உப்புநீர் உள்ளே புகுந்ததன் அடையாளம், செம்பழுப்பாக இருந்தால் சிலிண்டரின் துரு வந்திருக்கிறதென்று பொருள். பிறகு வால்வை முழுவதும் திறந்து, அழுத்தமானியின் முள்ளில் கண் வைத்தபடியே ஆழ்ந்து மூச்சு விடுகிறேன். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் சரிந்து மீளுமானால் எங்கோ அடைப்பு இருக்கிறது. பத்து நிமிஷம் அப்படியே விட்டுவைத்தபின் இரண்டாங்கட்டம் மெல்லச் சீறத் தொடங்கினால், முதற்கட்டத்து வால்வின் இருக்கை தேய்ந்திருக்கக்கூடும். அத்தகைய கருவியை சர்வீஸ் செய்யாமல் நான் எடுத்துப்போவதில்லை.

கடலிலிருந்து திரும்பியபின் முதற்கட்டத்தின் தூசி மூடியை உலரத் துடைத்து இறுகப் பொருத்தி, கருவியை நன்னீரில் ஊறவைத்து அலச வேண்டும். அழுத்தமின்றி இருக்கையில் இரண்டாங்கட்டத்தின் பர்ஜ் பொத்தானை அமுக்கினால் நீர் உள்ளே ஏறிவிடும். நம் நகரத்து போர்வெல் நீர் கடினமானது, ஆதலால் கடைசி அலசலுக்குக் குடிநீரையே பயன்படுத்துகிறேன். 40 டிகிரியைத் தாண்டும் சித்திரை வெயிலில் காரின் பின்புறத்தில் கிடத்திவைப்பது ரப்பர் குழாய்களுக்குப் பெருங்கேடு.

பலரும் அலட்சியப்படுத்துவது மஞ்சள் நிற உபரி இரண்டாங்கட்டத்தைத்தான். காற்றுத் தீர்ந்த துணைவர் பதற்றத்துடன் கைநீட்டிக் கேட்கும்போது கொடுக்க வேண்டியது அதுவே. ஆகவே அதன் கடிவாயில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, நம்முடையதை எத்தனை நேரம் சோதித்தோமோ அத்தனை நேரம் அதிலும் மூச்சுவிட்டுப் பார்க்க வேண்டும்.