மருத்துவத்தில் கவனக்குறைவு: பிராது செய்யும் முறை

வைத்தியம் பலிக்காமற்போவது வேறு. வைத்தியத்தில் கவனக்குறைவு நேர்வது வேறு. தகுதியுள்ள சாதாரண மருத்துவர் ஒருவர் காட்ட வேண்டிய கவனம் காட்டப்படாது, அதனாலேயே தீங்கு விளைந்திருந்தால்தான் நஷ்டஈடு கோரலாம். நெசவுக் கூலியையும் விளைச்சற் பணத்தையும் ஆஸ்பத்திரிக்குக் கொட்டிய குடும்பம், நியாயமிருந்தும் காலத்தையும் காகிதத்தையும் தவறவிட்டால், அவ்வுரிமையை இழக்க நேரிடும். ஆகவே முறைகளை அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம்.

எங்கே செல்வது? கட்டணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதே என 1995ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. காப்பீட்டு நிறுவனம் கட்டணம் செலுத்தியிருந்தாலும் அவ்வாறே. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சையளிக்கும் ஆஸ்பத்திரி இதில் அடங்காது. அங்கு நேர்ந்த தீங்கிற்குச் சிவில் கோர்ட்டையே நாட வேண்டும். சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரியாயின், இலவச சிகிச்சை பெற்றவரும் பிராது செய்யலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்நிலை மாறவில்லை.

முதற்படி, ஆவணம் பெறுதல். ரசீதில்லாத செலவைச் சங்கத் தணிக்கை ஏற்பதில்லை, இங்கும் அப்படியே. நோயாளியோ, அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால், சிகிச்சைக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் வழங்க வேண்டுமென்பது 2002ஆம் ஆண்டு விதி. உள்நோயாளியின் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருத்தலும் கடமை. எழுத்து மூலம் கேட்டு, நகலில் கையொப்பம் பெறுக.

இரண்டாவது, காலவரையறை. பிராதுக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினாலன்றித் தாமதம் மன்னிக்கப்படாது.

மூன்றாவது, மனு. ஆஸ்பத்திரிக்குச் செலுத்திய தொகை 50 லட்ச ரூபாய் வரையாயின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை. ஆஸ்பத்திரி எங்கிருப்பினும், தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம், வக்கீல் கட்டாயமன்று. நோயாளி இறந்திருப்பின் வாரிசும், சிறு பிள்ளையாயின் பெற்றோரும் மனுதாரராவர். நடந்தவற்றைத் தேதிவாரியாக எழுதி, எவ்விடத்தில் கவனம் தவறியது, கோரும் தொகை எவ்வளவு என்பவற்றைக் குறிப்பிட்டு, ஆவண நகல்களையும் பிரமாண வாக்குமூலத்தையும் இணைக்க வேண்டும்.

வேறொரு மருத்துவரின் கருத்து எல்லா வழக்கிலும் கட்டாயமன்று என 2010இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. வயிற்றினுள் பஞ்சுத்துணியை விட்டுத் தைத்தது போன்ற தவறு தானே பேசும். நுட்பமான வழக்கில் அக்கருத்து பெரும் பலமாகும். குற்ற வழக்கோ வேறு வகை. அதற்குத் தக்க மருத்துவர் கருத்து வேண்டுமென 2005இல் அதே நீதிமன்றம் விதித்தது.

பிராது ஏற்கப்பட்டபின் எதிர்த்தரப்பார் 30 நாட்களில் பதிலளிக்க வேண்டும். மேலும் 15 நாட்களுக்கு மிகாமல் அவகாசம் தரப்படலாம். தீர்ப்பில் திருப்தியில்லையெனில் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

துக்கத்தில் இருப்போர்க்கு நாட்கள் கழிவது தெரியாது. அத்தகைய அங்கத்தினருக்கு ஆவணம் கோரும் கடிதத்தையேனும் சங்கக் காரியதரிசி உடனே எழுதிக் கொடுப்பாராக. அதுவும் கூட்டுறவே.