மருந்தும் சான்றும்

பனைமரத்தின்மீது காக்கை ஒன்று வந்தமர்ந்தது; அந்நொடியே பழம் ஒன்று வீழ்ந்தது. காக்கை அமர்ந்தமையால்தான் பழம் வீழ்ந்தது என்று துணியலாமோ? முற்றிய பழம் தானே வீழும் காலமாகவும் அஃது இருந்திருக்கலாம். இதனைத் தருக்க நூலார் காகதாலீய நியாயம் என்பர். ஒருவன் மருந்துண்டான்; நோய் நீங்கிற்று; ஆதலின் மருந்தே நோயை நீக்கியது என்று கொள்வதும் இத்தகையதே. நோய்களுள் சில தாமே தணிவன. சில ஏறியும் இறங்கியும் வருவன. நோய் ஏறிய நாளில் மருத்துவரை நாடும் ஒருவன், அது தானே இறங்கிய நாளில் மருந்தைப் புகழ்கின்றான்.

காசநோயின் வரலாற்றில் இவ்வுண்மை நன்கு விளங்கும். இந்நோய் சிலரை விரைவிற் கொல்லும். சிலரிடத்து ஓய்வினாலேயே தணியும். 1920-களில் பொன் சேர்ந்த ஊசி மருந்தொன்று இந்நோய்க்குப் பெரும்புகழ் பெற்றிருந்தது. அதனைப் புகழ்ந்த மருத்துவர் பொய் கூறினாரல்லர். பிழைத்தவர்களைக் கண்டார், கண்டதைக் கூறினார். மருந்தின்றியும் அவர்கள் பிழைத்திருப்பரோ என்பதே எழாத வினா. அமெரிக்க மருத்துவர் ஆம்பர்சனும் அவர்தம் துணைவரும் அவ்வினாவை எழுப்பினர். நோயின் தன்மையில் ஒத்த 24 பேரைப் பன்னிருவர் கொண்ட இரு குழுக்களாக்கினர். எக்குழுவிற்குப் பொன் மருந்து என்பதை நாணயத்தைச் சுண்டித் துணிந்தனர். மற்றைக் குழுவினர்க்கு வாலைநீரே ஊசி வழியாகச் செலுத்தப்பட்டது. 1931-இல் வெளிவந்த முடிவின்படி, அப்பொன்னால் விளைந்த நன்மை ஒன்றுமில்லை.

பின்னர் 1943-இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. போரால் நலிந்திருந்த பிரிட்டன் அதனைச் சிறிதளவே பெற முடிந்தது. எல்லார்க்கும் அளிக்க மருந்தில்லாத அந்நிலையையே பயன்கொண்டு, 1947-இல் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினர் ஓர் ஆய்வு தொடங்கினர். கடுநோயுற்ற இளைஞர் 107 பேருள் 55 பேர் மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்றனர்; 52 பேர், அந்நாளைய வழக்கப்படி, ஓய்வு மட்டும் பெற்றனர். ஓய்வு மட்டும் பெற்றோர்க்கு ஆய்வைப் பற்றி ஏதும் சொல்லப்படவில்லை. இன்று அங்ஙனம் செய்ய அறம் இடந்தராது. நோயாளியின் இசைவு முதற்கண் வேண்டும்.

இவருக்கு மருந்து, இவருக்கு இல்லை என்று தெரிந்தவர் யார்? மருத்துவர் அல்லர். இரக்கமுள்ள மருத்துவர், பிழைக்கக்கூடும் என்று தாம் கருதுபவர்க்கே மருந்தை அளித்துவிடுவார். அங்ஙனமாயின் மருந்துண்டோர் பலர் பிழைப்பர். அது மருந்தின் ஆற்றலன்று, தெரிவின் ஆற்றல். ஆகவே புள்ளியியல் அறிஞர் பிராட்ஃபோர்டு ஹில், ஒழுங்கின்றி எழுந்த எண்களைக்கொண்டு முடிவுகளை முன்னரே வகுத்து, முத்திரையிட்ட உறைகளில் அடைத்து வைத்தார். நோயாளி ஆய்விற் சேர்ந்தபின்னரே அவர்க்குரிய உறை பிரிக்கப்பட்டது. எக்ஸ்-கதிர்ப் படங்களைப் பார்த்து மதிப்பிட்டோரும் அப்படம் எக்குழுவினருடையது என்பதை அறியார். அறிந்தால், கண் தான் விரும்பியதைக் காணும் அன்றோ?

ஆறு திங்களில் மருந்து பெற்ற 55 பேருள் 4 பேர் இறந்தனர். மற்றை 52 பேருள் 14 பேர் இறந்தனர். 1948-இல் இம்முடிவு வெளியாயிற்று. இத்துணைப் பெரிய வேற்றுமை காகதாலீயமாதல் அரிது. ஆயினும் கதை அங்கு முடியவில்லை. ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபொழுது, முதற்குழுவில் 32 பேரும் இரண்டாவதில் 35 பேரும் மாண்டிருந்தனர்! நோய்க்கிருமிகள் அம்மருந்தை எதிர்த்து நிற்கும் வன்மை பெற்றுவிட்டன. ஆறு திங்களிற் கண்டது பொய்யன்று. ஆனால் ஐந்தாண்டைப் பற்றி அது கூறியது சிறிதே. இக்குறையைப் போக்கப் பாஸ் என்னும் மற்றொரு மருந்தையும் உடன் சேர்த்தளித்து ஆராய்ந்தனர். கிருமிகளின் எதிர்ப்பு பெரிதும் குறைந்தது.

இம்முறையே சென்னைக்கும் வந்தது. காசநோயாளி சானடோரியத்தில் தங்கி, நற்காற்றும் நல்லுணவும் ஓய்வும் பெறல் வேண்டும் என்பது அந்நாளைய துணிபு. நோயாளரோ பலர், படுக்கைகளோ சில. குடும்பத்தைத் தாங்குபவன் ஓராண்டு சானடோரியத்திற் கிடந்தால் அவன் மக்கள் உண்பது யாது? 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையம், வாலஸ் ஃபாக்ஸ் என்பவரின் தலைமையில், ஏழை நோயாளர் 193 பேரை இருபாற்படுத்தியது. ஒரு பாலார் இல்லத்திலும் மற்றவர் சானடோரியத்திலும் ஐசோனியசிட், பாஸ் என்னும் இரு மருந்துகளையே ஓராண்டு உண்டனர். வீட்டிலிருந்தோர் மருந்தை மெய்யாகவே உண்டனரா என்பதும் சிறுநீர்ச் சோதனையால் அறியப்பட்டது. நெருக்கமான குடிசைகளில் எளிய உணவுண்டு வாழ்ந்தவருள் நூற்றுக்கு 86 பேர் குணமுற்றனர். சானடோரியத்திலிருந்தோருள் நூற்றுக்கு 92 பேர். இத்துணைச் சிறு குழுக்களில் அவ்வாறு வேற்றுமை தற்செயலாகவும் நேரலாம்.

ஆயினும், வீட்டில் வைத்த நோயாளியால் மனைவி மக்களுக்கு நோய் பரவாதோ என்னும் அச்சம் எஞ்சியிருந்தது. 1959-இல் முதல் முடிவு வெளிவந்த பின்னரும் ஆய்வாளர் ஓய்ந்தாரல்லர். இருபாலார் குடும்பத்தினரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து நோக்கினர். நோயாளி வீட்டிலிருந்த குடும்பங்களில், சானடோரியம் சென்றவர்தம் குடும்பங்களைக் காட்டிலும் நோய் மிகுதியாகப் பரவவில்லை. வீட்டிலிருந்தே மருந்துண்ணும் முறை அதன்பின் உலக நாடுகள் பலவற்றில் வழக்காயிற்று.