விலை இறங்கினால் கடன் ஏறும்

உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் பாங்குகள் மூழ்கினால் நம் சென்னிமலைத் தறியும் பல்லடத்துப் பண்ணையமும் ஏன் தடுமாற வேண்டும் என்று அங்கத்தினர் பலர் நம்மைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. பழைய கோயம்புத்தூர் ஜில்லா இருமுறை பட்ட அனுபவத்தை ஆராய்ந்தால் இதற்கு விடை கிடைக்கும். முதலாவது 1929-ல் தொடங்கிய பெருமந்தம். இரண்டாவது 2008-ன் நிதி நெருக்கடி.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதைத் தொடர்ந்து மேல்நாடுகளில் தொழிற்சாலைகள் மூடின. மூலப்பொருள் வாங்குவோர் குறைந்தனர். பருத்தியையும் நிலக்கடலையையும் கடல் கடந்து விற்று வந்த நம் நாட்டில் அவற்றின் விலை சரிந்தது. சில ஆண்டுகளுக்குள் விளைபொருள் விலைகள் ஏறக்குறையப் பாதியாயின. ஆனால் நிலவரியும் கடனும் ரூபாய்க் கணக்கில் இருந்தபடியே இருந்தன. துன்பத்தின் வேர் இங்கேதான் உள்ளது.

ஓர் உதாரணக் கணக்கினால் இதை விளக்குவோம். பருத்தி பொதி 30 ரூபாய் விற்றபோது ஒருவர் கிணறு வெட்ட 300 ரூபாய் கடன் பெற்றார் எனக் கொள்வோம். அது 10 பொதிக்குச் சமம். விலை 15 ரூபாயாக இறங்கியபின் அதே அசலை அடைக்க 20 பொதி வேண்டும். அவர் புதிதாக ஒரு காசும் வாங்கவில்லை. ஆயினும் கடன் இரட்டித்துவிட்டது.

நெசவாளர் நிலை இதனினும் கடுமையானது. 60 ரூபாய்க்கு நூலைக் கடனாகப் பெற்று, கூலி 40 ரூபாய் கிடைக்கும் என்று நம்பி ஒருவர் நெய்கிறார். துணி 100 ரூபாய்க்குப் பதிலாக 75 ரூபாய்க்கு விலைபோனால், நூல் கடன் போக மிஞ்சுவது 15 ரூபாயே. துணி விலையில் குறைந்தது கால் பங்கு. கூலியில் குறைந்ததோ பாதிக்கும் மேல்.

அன்றைய ஆங்கில அரசாங்கம், ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என 1927-ல் நிர்ணயித்த மாற்று விகிதத்தை விடாது பற்றி நின்றது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டபோதும் ரூபாய் ஸ்டர்லிங்குடன் பிணைக்கப்பட்டே இருந்தது. தங்கத்தின் விலை ஏறவே, வரியும் வட்டியும் கட்ட வழியற்ற குடும்பங்கள் நகைகளை விற்றன, அத்தங்கம் கப்பலேறிற்று. தன் நாணயத்தையும் வட்டி விகிதத்தையும் தானே முடிவு செய்ய இயலாத நாட்டில், நெருக்கடியின் சுமை இவ்வாறு குடும்பங்களின் மேலேயே விழுகிறது.

எனினும் சில நன்முயற்சிகளும் அக்காலத்தில் பிறந்தன. 1929-ல் சென்னையில் மத்திய நில அடமான பாங்கு கூட்டுறவு முறையில் நிறுவப்பட்டது. விவசாயி தம் பழங்கடனை அடைத்துவிட்டு, நீண்டகாலத் தவணையில் குறைந்த வட்டிக்கு மாறிக்கொள்ள அது வழி செய்தது. 1932-ல் பைக்காரா மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கிற்று. கவலை இறைத்த கிணறுகளில் மின்சாரப் பம்பு செட்டுகள் வந்தன. கோவையில் நூற்பாலைகள் பெருகின. 1938-ல் இராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொணர்ந்தது. அச்சட்டப்படி, 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முற்பட்ட கடன்களில் 1937 அக்டோபர் முதல் தேதியன்று நிலுவையிலிருந்த வட்டி தள்ளுபடியாயிற்று. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாயிற்று.

நெசவாளர்க்கு ஏற்பட்ட பயன் அவ்வளவு நேரானதன்று. பிரிட்டனல்லாத நாடுகளின் பருத்தித் துணிக்கு 1933-ல் இறக்குமதித் தீர்வை 75 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இதனால் உள்நாட்டு ஆலைகள் தழைத்தன. கைத்தறியாளரோ ஆலைத் துணியோடும் போட்டியிட்டு, தீர்வை விதிக்கப்பட்ட நூலையும் வாங்க நேர்ந்தது. இந்நிலையில் 1935-ல் தோன்றியதே சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். இன்றைய கோ-ஆப்டெக்ஸ் அதுவே.

இனி 2008-ஐப் பார்ப்போம். அவ்வாண்டு செப்டம்பர் 15-ந் தேதி அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலாயிற்று. திருப்பூருக்கு வரவேண்டிய பின்னலாடை ஆர்டர்கள் குறைந்தன. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். ஆனால் இம்முறை முடிவெடுக்கும் அதிகாரம் நம் நாட்டிடம் இருந்தது. ரிசர்வ் பாங்கு தன் ரெப்போ வட்டியை 9 சதவீதத்திலிருந்து 2009 ஏப்ரலுக்குள் 4.75 சதவீதமாகக் குறைத்தது. ஜவுளி, கைத்தறி உள்ளிட்ட ஏற்றுமதிக் கடன்களுக்கு மத்திய அரசு 2 சதவீத வட்டி மானியம் அளித்தது. நீண்ட இழைப் பருத்தியின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,030 ரூபாயிலிருந்து 3,000 ரூபாயாக உயர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஆதரவு விலை விவசாயியைக் காத்தது. பஞ்சு விலை இறங்காதபடியால் நூல் விலையும் அதற்கேற்ப இறங்க இடமில்லை. ஒருவர்க்கு அணையாவது மற்றவர்க்குச் சுமையாகலாம். விளைவிப்போரும் நெய்வோரும் சேர்ந்துள்ள நம் இயக்கம் இதனை மறத்தலாகாது. அரசின் உதவியைக் கோரும்போது இரு சாராருக்கும் சேர்த்தே கோருதல் வேண்டும்: விவசாயிக்கு விலை, நெசவாளர்க்கு நியாய விலையில் நூல்.

அரசு செய்வது ஒருபுறமிருக்க, சங்கங்கள் செய்யத்தக்கவை மூன்று. பெருமந்தத்தின்போது தவணை தவறிய பாக்கிகளால் நலிந்த சங்கங்கள் பல. அவை நமக்குக் கற்பிக்கும் பாடங்கள் இவையே.

முதலாவது, கடனின் தவணை அதன் நோக்கத்திற்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். கிணறும் பம்பு செட்டும் பல ஆண்டு பயன் தருவன. அவற்றின் கடனை ஓரிரு வெள்ளாமையில் அடைக்கச் சொன்னால், ஒரு விலைச் சரிவே விவசாயியைத் தனியார் வட்டிக்கடையில் கொண்டுபோய் நிறுத்தும்.

இரண்டாவது, நெசவாளர் சங்கம் ஆர்டருக்கு மிஞ்சிய நூலைக் கடனில் வாங்கிக் குவித்தல் கூடாது. விலை இறங்கும் காலத்தில் கிடங்கில் தேங்கும் ஒவ்வொரு சிப்பமும் அங்கத்தினரின் கூலியைத் தின்னும்.

மூன்றாவது, பழைய பாக்கியைப் புதுக் கடனாகப் பத்திரம் மாற்றி எழுதி, வசூல் நன்றாயிருப்பதாகக் காட்டும் வழக்கத்தை அறவே ஒழித்தல் வேண்டும். உண்மையிலேயே விலைச் சரிவால் கட்ட இயலாதவர்க்கு, காரணத்தைத் தீர்மானத்தில் பதிந்து விதிப்படி தவணை நீட்டிப்புக் கோருவதே நேர்வழி. நல்ல ஆண்டுகளில் லாபம் முழுவதையும் பங்கிட்டுக் கொள்ளாமல் காப்பு நிதியை வளர்த்த சங்கமே இதனைத் துணிந்து செய்ய இயலும்.

அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் தம் சங்கத்தின் வரவு செலவு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிப்பார்களாக. காப்பு நிதி எவ்வளவு, தவணை தவறிய பாக்கி எவ்வளவு, தேங்கிய சரக்கு எவ்வளவு என்னும் மூன்று எண்களையும் அறிந்த அங்கத்தினர், அடுத்த விலைச் சரிவு வருமுன் தம் சங்கத்தைத் தயார் செய்துகொள்ள இயலும்.