ராக் மேடையைப் படமெடுக்க வரும் தம்பி தங்கைகளுக்கு

கல்யாண மண்டபத்தில் வெளிச்சம் ஓரளவு நம் சொல் கேட்கும். ராக் மேடையில் கேட்காது. விளக்குகளை இயக்குபவர் பாட்டுக்காக இயக்குகிறார், நமக்காக அல்ல. அதனால் கேமராவில் செய்ய வேண்டியதைப் பாட்டு தொடங்கும் முன்பே செய்து முடித்துவிடுங்கள். தொடங்கிய பின் கண்ணும் காதும் கலைஞரிடமே இருக்கட்டும்.

1. முதல் காசை அகலமாகத் திறக்கும் லென்ஸில் போடுங்கள். கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் 55-இல் எஃப்/5.6 வரைதான் திறக்கும். விலை குறைந்த 50 எம்.எம். எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஏபிஎஸ்-சி கேமராவில் அது 75 எம்.எம். போல நெருக்கமாகவும் காட்டும். தொடங்குவதற்கு அது போதும்.

2. அடுத்த லென்ஸை நிற்கும் இடம் பார்த்து வாங்குங்கள். மேடைக்கும் தடுப்புக்கும் நடுவே உள்ள பிட்டில் நிற்க அனுமதி கிடைத்தால் 24-70 எஃப்/2.8. பின்வரிசையில் இருக்கும் டிரம்மருக்கும், தூரத்திலிருந்து எடுக்கவும் 70-200 எஃப்/2.8. பாடகருக்கு நேர் எதிரே நின்றால் மைக் வாயை மறைக்கும். இரண்டடி பக்கவாட்டில் நகருங்கள்.

3. ஷட்டர் வேகத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நின்று பாடுபவருக்கு 1/250 நொடி. குதிப்பவருக்கும் டிரம் குச்சிக்கும் 1/500 அல்லது அதற்கு மேல். மெதுவான பாட்டில் 1/125 வரை இறங்கலாம்.

4. ஐ.எஸ்.ஓ.வைக் கூட்ட அஞ்சாதீர்கள். 3200, 6400 எல்லாம் இந்த மேடையில் சாதாரணம். படத்தில் தெரியும் புள்ளிகளைப் பிறகு குறைக்கலாம். அசைவால் கலங்கிய முகத்தைச் சரிசெய்வது அரிது.

5. மேனுவல் மோடில் எடுங்கள். கறுத்த பின்னணியைக் கண்டு ஏமாறும் கேமரா, படத்தைத் தேவைக்கு மேல் வெளுப்பாக்கும். பாடகரின் முகம் வெந்துபோகும். ஸ்பாட் மீட்டரிங்கில் முகத்தை அளந்து, அந்த அளவிலிருந்து கொஞ்சம் மட்டும் ஏற்றி இறக்குங்கள்.

6. சிவப்பு, நீல எல்.இ.டி. விளக்குகளிடம் எச்சரிக்கை வேண்டும். அந்த ஒரு நிறம் மட்டும் நிரம்பி வழிந்து, முகத்தின் நுணுக்கமெல்லாம் அழிந்துவிடும். சற்று இருட்டாகவே எடுங்கள், ரா (RAW) கோப்பாகச் சேமியுங்கள், வெள்ளை விளக்கு வரும் தருணத்துக்குக் காத்திருங்கள். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எல்.இ.டி. ஒளி பட்டை பட்டையாக விழக்கூடும். மெக்கானிக்கல் ஷட்டர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

7. ஃபோகஸைக் கண்ணில் வையுங்கள். கேமராவின் போக்கில் விட்டால் முன்னால் நிற்கும் மைக்கைப் பிடித்துக்கொள்ளும். எஃப்/1.8-இல் கூர்மையாக விழும் ஆழம் மிகக் குறைவு. இருவர் சேர்ந்து பாடினால் எஃப்/2.8, வெளிச்சம் இருந்தால் எஃப்/4.

8. பெரிய கச்சேரிகளில் முதல் மூன்று பாட்டுக்குத்தான் பெரும்பாலும் அனுமதி, பிளாஷ் கூடாது. ஏறக்குறைய பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் லென்ஸ் மாற்றித் திண்டாடாமலிருக்க, குழுவின் பாட்டுகளை முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். கிதார் சோலோ எங்கே வரும், டிரம்மர் எப்போது கையை ஓங்குவார் என்று தெரிந்தவருக்கே அந்தப் படம் கிடைக்கும்.

9. காதடைப்பான் இல்லாமல் ஸ்பீக்கர் அருகே நிற்காதீர்கள். கெட்ட செவி திரும்பாது. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பின்னால் இருப்பவரை மறைக்காதீர்கள். அவர் காசு கொடுத்து வந்தவர்.

10. கூர்மையே எல்லாம் என்று எண்ணாதீர்கள். 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லாடியம் அரங்கில் தி கிளாஷ் குழுவின் பால் சிமனன் தன் பேஸ் கிதாரைத் தரையில் அடித்ததைப் பென்னி ஸ்மித் படமெடுத்தார். ஃபோகஸ் விலகியிருக்கிறது, அட்டைக்கு ஆகாது என்று அவரே தடுத்தார். குழு கேட்கவில்லை, அதுவே ‘லண்டன் காலிங்’ ஆல்பத்தின் அட்டையானது. ராக் இசையின் வேகம் முழுக்க அந்த வளைந்த முதுகில் இருக்கிறது. செட்டிங்கை எல்லாம் கற்பது இப்படி ஒரு நொடியில் கேமராவை மறந்து கலைஞரைப் பார்க்கத்தான்.

11. சிறிய மேடையில் தொடங்குங்கள். கல்லூரி விழாக்களிலும் சின்ன அரங்குகளிலும் வெளிச்சம் மோசமாக இருக்கும். ஆனால் கடைசிப் பாட்டு வரை நின்று எடுக்கலாம். அந்த இருட்டில் பழகிய கை எங்கேயும் தடுமாறாது. மறுநாளே நல்ல பத்துப் படங்களை மட்டும் தேர்ந்து குழுவிடம் கொடுங்கள். அடுத்த கச்சேரிக்கு அவர்களே உங்களைக் கூப்பிடுவார்கள்.