எக்ஸ்ரேக்குத் தெரியாதது

என் தாயாருக்கு மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் இருப்பதாக மஜ்ஜைப் பரிசோதனையில் தெரிந்தது. எக்ஸ்ரேயில் எலும்புகள் நன்றாகவே இருக்கின்றன. பிறகு எம்.ஆர்.ஐ. எதற்கு?
– வாசகி ஒருவர்

அவசியம் எடுத்துவிடுங்கள், அம்மா. எலும்பின் தாதுச் சத்தில் ஏறத்தாழ 30 சதவீதமாவது கரைந்த பின்னரே எக்ஸ்ரேயில் சேதம் புலப்படுமாதலால், வியாதி குடிகொண்டிருக்கும் மஜ்ஜையையே காட்டவல்ல எம்.ஆர்.ஐ.யை மருத்துவர் நாடுவது மிகவும் நியாயமே. அதில் ஒருவகைப் படத்தில், கொழுப்பு நிறைந்த ஆரோக்கியமான மஜ்ஜை வெளுப்பாகவும், மைலோமா அணுக்கள் திரண்ட இடம் கறுத்த திட்டாகவும் தெரியும். 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள திட்டுகள் ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால், வேறு உபத்திரவம் இல்லாவிடினும் சிகிச்சைக்குரிய நோயாகவே அதைக் கொள்ள வேண்டுமென்பது 2014-இல் சர்வதேச நிபுணர் குழு வகுத்த விதி. எக்ஸ்ரேயைப் போன்ற கதிர்வீச்சு எம்.ஆர்.ஐ.யில் இல்லை. சத்தம்தான் பலம், அதற்குக் காதடைப்பான் தருவார்கள். தாயாருக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.