சர்க்கரையில் பழுதில்லை

மைன்கிராஃப்டில் தண்ணீர் பாட்டிலில் சர்க்கரை போட்டுக் காய்ச்சினால் வேகமாக ஓடும் மருந்து வரும் என்றான் நண்பன். எனக்கு ஒன்றுக்கும் உதவாத மருந்துதான் வருகிறது. எங்கே தப்பு?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், கம்பம்

உறை ஊற்றாமல் தயிர் கேட்கிறாய் தம்பி! முதலில் நெதர் வார்ட் போட்டுக் காய்ச்சு. அதில் வரும் ‘ஆக்வர்ட்’ மருந்தில்தான் சர்க்கரை போட வேண்டும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் 20 விநாடி. ஒரு வார்ட் மூன்று பாட்டிலுக்கும் போதும் என்பதால் ஒற்றைப் பாட்டிலை வைத்து வீணாக்காதே. அடுப்புக்கு பிளேஸ் பவுடர். ஒரு சிட்டிகை 20 தடவைக்கு வரும்.

நெதர் கோட்டையில் படிக்கட்டு ஓரம் வார்ட் முளைத்திருக்கும். கையோடு கொஞ்சம் சோல் சாண்டும் அள்ளி வந்து வீட்டிலேயே பயிரிடு. உங்கள் ஊர் பன்னீர் திராட்சை மாதிரி பந்தல், பாசனம் எதுவும் கேட்காது. வெளிச்சம்கூட வேண்டாம். (நம் தோட்டக்காரர்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.)

மருந்து 3 நிமிடம் நிற்கும். ரெட்ஸ்டோன் சேர்த்தால் 8 நிமிடம். க்ளோஸ்டோன் சேர்த்தால் வேகம் கூடும், நேரம் ஒன்றரை நிமிடமாகச் சுருங்கும். ஏதாவது ஒன்றுதான். ஸ்கெலிட்டன் துரத்தும்போது நான் க்ளோஸ்டோன் கட்சி.